எங்கள் வீட்டை வாங்கிக் கொள்ளுங்கள்!

'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்று சொல்லிச் சொல்லித்தான் நம்மையெல்லாம் வளர்த்தார்கள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்து, பாங்க்கில் கடன் வாங்கி ஒரு வீட்டைக் கட்டி விட்டோமானால், அப்புறம் அதை விற்பது என்ற பேச்சை யாராவது எடுத்தாலே வயிற்றைப் பிசையும். நான் பெற்ற பிள்ளைகள் தவழ்ந்த தரை, என் கையால் வைத்த முருங்கை, மாமியார் உட்கார்ந்து அரிசி புடைத்த திண்ணை... இதையெல்லாம் சதுர அடிக் கணக்கில் கொடுத்துவிட முடியுமா?

அப்படியிருக்க, ஒரு பேட்டையைச் சேர்ந்த பெண்கள் பன்னிரண்டு வருஷம் போலப் போராடியிருக்கிறார்கள். எதற்குத் தெரியுமா? "எங்கள் வீடுகளை வாங்கிக் கொள்ளுங்கள், நாங்கள் போய் விடுகிறோம்" என்று கேட்டு! அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக்கு மேற்கே சுமார் 25 மைல் தூரத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் நார்கோ என்ற ஊர் அது. பெட்ரோல் சுத்திகரிக்கும் ஆலையை முதலில் வைத்திருந்த நியூ ஆர்லியன்ஸ் ரிஃபைனிங் கம்பெனியின் பெயரைச் சுருக்கித்தான் ஊருக்கே பெயர். பிற்பாடு அந்த ஆலை ஷெல் கம்பெனியின் கைக்கு வந்தது. ஊருக்கே ஆலையின் பெயர் என்றால் அங்கே யாருடைய கை ஓங்கியிருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கேயோ இருக்கிற ஊரைப் பற்றி இந்த அம்மாளுக்கு என்ன கவலை என்று தோன்றலாம். என் அக்கா பெண் அந்தப் பக்கம் குடித்தனம் இருக்கிறாள். ஒரு நாள் அந்த வழியாகக் காரில் போய் விட்டு வந்து போனில் சொன்னாள்: "சித்தி, நாலு தெரு இருந்த இடமாம். அங்கங்கே ஒன்றிரண்டு வீட்டைத் தவிர இப்போ வெறும் புல்லுதான். நடுவுல ரோடு மட்டும் போகுது. பார்க்கவே என்னமோ மாதிரி இருந்தது." அன்றிலிருந்து அந்த நாலு தெருவைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். ஏனென்றால் நாங்கள் குடியிருப்பதும் வட சென்னையில் ஆலைகளுக்கு நடுவில்தான். சில நாள் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் அழுகின முட்டை நாற்றம் வீட்டுக்குள் வரும். என் சின்னப் பையனுக்கு அன்றைக்குத்தான் இழுப்பு அதிகம். புகார் சொன்னால், "எல்லாம் அளவுக்குள்தான் இருக்கிறது" என்று ஒரே பதில். வீட்டை விற்றுவிட்டுப் போகலாமா, எதிர்த்து நிற்கலாமா என்று எங்கள் தெருவில் இரண்டு கட்சி. நார்கோ கதையைப் படித்த பிறகுதான் கேள்வியே வேறு என்று எனக்குப் புரிந்தது.

அந்த நாலு தெருவுக்கு டயமண்ட் என்று பெயர். முன்னாளில் அங்கே இருந்த கரும்புத் தோட்டத்தின் பெயர் அது. 1811ல் அமெரிக்க சரித்திரத்திலேயே பெரியதான அடிமைகள் கிளர்ச்சி நடந்த பிரதேசம் அது. அந்தத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களின் பேரன் பேத்திகள்தான் தலைமுறை தலைமுறையாக அங்கே குடியிருந்தார்கள். 1950களில் ஷெல் கம்பெனி ரசாயன ஆலை ஒன்றைக் கட்டியபோது, அந்த இடத்தில் வீடு வைத்திருந்த கறுப்பினக் குடும்பங்கள் கிளம்பிப் பக்கத்திலேயே டயமண்டில் வந்து குடியேறின. ஒரு பக்கம் ரசாயன ஆலை, இன்னொரு பக்கம் பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலை, நடுவில் இவர்கள். கேட்டால், "அவர்களுக்கெல்லாம் ஆலையில் வேலை கிடைத்திருக்குமே" என்று சொல்லத் தோன்றும். அதுதான் இல்லை. ஊரின் மறுபக்கத்தில், மரங்கள் அடர்ந்த ஒரு காட்டுத் துண்டுக்கு அப்பால் இருந்த வெள்ளைக்காரக் குடும்பங்களுக்குத்தான் பெரும்பாலும் வேலை கிடைத்தது. டயமண்டுக்குக் கிடைத்ததெல்லாம் நாற்றமும் சங்கொலியும், ராத்திரியைப் பகலாக்கும் நெருப்புக் கோபுரமும்தான்.

1973ல் ஒரு நாள். ஒரு பையன் வீட்டு வாசலில் மெஷினை வைத்துப் புல் வெட்டிக் கொண்டிருந்தான். பக்கத்தில் குழாயிலிருந்து கசிந்து பரவியிருந்த வாயு, அந்த மெஷினின் பொறி பட்டுப் பற்றிக் கொண்டது. அந்தப் பையனும், அருகிலிருந்த வீட்டுக்குள் தூங்கிக் கொண்டிருந்த வயதான அம்மாளும் உயிரை விட்டார்கள். புல் வெட்டுவதும் பகலில் சற்றுக் கண்ணயர்வதும் எந்த வீட்டில்தான் நடக்காது? 1988 மே மாதத்தில் அதைவிடப் பெரிய விபத்து. சுத்திகரிப்பு ஆலையில் அரித்துப் போயிருந்த ஒரு குழாயிலிருந்து வாயு கசிந்து, விடிவதற்கு முன்னால் வெடித்தது. ஆலைத் தொழிலாளர்கள் 7 பேர் இறந்தார்கள். சுமார் 4,500 பேர் வீடு வாசலை விட்டு ஓடினார்கள்.

இந்த நாலு தெருவில் ஒன்றில், ரசாயன ஆலையின் வேலியிலிருந்து 25 அடி தூரத்தில் குடியிருந்தவர் மார்ஜி யூஜின் ரிச்சர்ட் என்ற பள்ளி ஆசிரியை. 25 அடி என்றால் எவ்வளவு? நம் வீட்டுச் சமையலறையிலிருந்து வாசல் கோலம் வரைக்கும் நடக்கிற தூரம்தான். அவருடன் பிறந்த சகோதரி நுரையீரலைப் பெரும்பாலும் தாக்கும் சார்காய்டோசிஸ் என்ற நோயால் 43 வயதில் இறந்து போனார். தெருவில் எத்தனையோ பிள்ளைகளுக்கு இழுப்பு. மார்ஜி 1990 வாக்கில் அக்கம் பக்கத்தாரைக் கூட்டி ஒரு சங்கம் ஆரம்பித்தார். கோர்ட்டுக்குப் போனார்கள். 1997ல் கேஸ் தோற்றுப் போயிற்று.

ஏன் தோற்றது? ஒரு குழந்தைக்கு இழுப்பு வந்தால், அது ஆலையால்தான் வந்தது என்று நிரூபிப்பது லேசான காரியமா? "நாற்றம் அடிக்கிறது" என்று ஒரு பெண் சொன்னால் அது சாட்சியம் ஆவதில்லை. "எங்கள் கருவியில் எதுவும் காட்டவில்லையே அம்மா" என்று சொல்லி விடலாம். கருவி எங்கே இருக்கிறது, நாற்றம் எந்த நேரத்தில் எந்தத் திசையில் வந்தது என்பதெல்லாம் யார் கேட்கிறார்கள்? இன்ஸ்பெக்டர் கிளம்பி வந்து சேருவதற்குள் காற்று மாறி அடித்து எல்லாம் கலைந்து போயிருக்கும்.

இங்கேதான் ஒரு பிளாஸ்டிக் வாளி வந்து சேருகிறது! ஆமாம், நாம் தண்ணீர் பிடிக்கிற மாதிரி ஏறக்குறைய இருபது லிட்டர் பிடிக்கும் வாளிதான். 1995ல் கலிஃபோர்னியாவில் ஒரு சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்து ஜனங்களுக்காக வாதாடிய எட்வர்ட் மாஸ்ரி என்ற வக்கீல், அந்தப் பக்கம் போனபோது தனக்கே உடம்பு முடியாமல் போய், அதிகாரிகளைக் கேட்டால் 'ஒன்றும் இல்லை' என்று பதில் வந்ததாம். வெகுண்டு போய், ஜனங்களே காற்றைப் பிடித்து வைக்க மலிவாக ஒரு சாதனம் செய்யச் சொன்னார். எரின் பிராக்கோவிச் சினிமா பார்த்தவர்களுக்கு இந்த வக்கீலை ஞாபகம் இருக்கும்.

செய்முறை கேட்டால் நமக்கே சிரிப்பு வரும், அத்தனை எளிது. வாளிக்குள் வாசனை ஒட்டாத ஒரு விசேஷப் பை. பையின் வாய் மட்டும் ஒரு திருகு வழியாக வெளியே. வாளியை இறுக மூடி, உள்ளே இருக்கும் காற்றைச் சின்ன பம்ப்பால் உறிஞ்சினால், பை உப்பிக் கொண்டு வெளிக்காற்றை உள்ளே இழுத்துக் கொள்ளும். சில நிமிஷம்தான். திருகை மூடிப் பையைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி விட வேண்டியது. நாற்றம் வந்த அந்த நிமிஷத்துக் காற்று, அப்படியே கையில்! ஊறுகாய் போட்டு ஜாடியில் பத்திரப்படுத்துகிற மாதிரிதான்.

1990களின் கடைசியில் இந்த வாளி டயமண்டுக்கு வந்தது. நடுராத்திரியில் நாற்றம் வந்தால் எழுந்து வாசலுக்கு வந்து காற்றைப் பிடித்தார்கள். அவர்கள் அனுப்பிய பைகளில் ரசாயனங்கள் இருப்பது சோதனையில் தெரிந்தது. இத்தனை வருஷமாக 'அவர்கள் சொல்கிறார்கள்' என்று இருந்த விஷயம் 'காகிதத்தில் இருக்கிறது' என்று ஆயிற்று. மார்ஜி அதோடு நிற்கவில்லை. நெதர்லாந்தில் நடந்த ஒரு கூட்டத்துக்கே போய், ஷெல் கம்பெனி அதிகாரியிடம் நார்கோ காற்று அடைத்த பையை நீட்டி முகர்ந்து பார்க்கச் சொன்னார். ஒரு ஓய்வு பெற்ற டீச்சர்!

2000ல் கம்பெனி இறங்கி வந்தது. வேலியை ஒட்டிய இரண்டு தெருக்களில் உள்ள வீடுகளை மட்டும் வாங்கிக் கொள்வதாகச் சொன்னது. கிடைத்தவரை லாபம் என்று நாமாயிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்போமோ என்னவோ. அந்த ஜனங்கள் மறுத்தார்கள். இரண்டு காரணம். ஒன்று, நாலு தெருவிலும் உறவு. அம்மா இந்தத் தெருவில், பெண் அந்தத் தெருவில். பாட்டி ஒரு பக்கம், அவளைப் பார்த்துக் கொள்ளும் பேத்தி இன்னொரு பக்கம். பாதியைப் பெயர்த்தெடுத்தால் மீதிப் பாதி என்ன ஆகும்? இரண்டாவது, முன்னால் இருக்கும் இரண்டு தெருவும் காலியானால், பின்னால் இருக்கும் மூன்றாவது தெருதானே இனி வேலியோரத் தெரு? காற்றுக்குத் தெருப் பெயர் தெரியுமா?

"போனால் நாலு தெருவும் போகட்டும்" என்று நின்றார்கள். 2002 ஜூன் மாதத்தில் கம்பெனி நாலு தெருவுக்கும் சம்மதித்தது. வீட்டுக்கு இவ்வளவுக்குக் குறையாது என்று ஒரு குறைந்தபட்ச விலை வைத்தார்கள். போக மனமில்லாதவர்கள் அங்கேயே இருக்கலாம், அவர்களுக்கு வீட்டைச் செப்பனிட உதவி. இவை தவிர, ஆலை வெளியேற்றும் புகையை 30 சதவிகிதம் குறைப்பதாகவும், ஊர் நலனுக்கு 50 லட்சம் டாலர் தருவதாகவும் ஒப்புக் கொண்டார்கள். 2004ல் மார்ஜிக்குக் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவர்தான்.

இந்தக் குறைந்தபட்ச விலை என்ற விஷயத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். போன வருஷம் எங்கள் தெருவுக்கு ஒரு புரோக்கர் வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் கணவரிடம், "ஆலைப் பக்கம் சார், இதுக்கு மேலே யாரும் கேட்க மாட்டாங்க" என்று ஒரு விலை சொன்னார். அதற்கு ஊருக்குள் இரண்டு ரூம் கூட வாங்க முடியாது. "மார்க்கெட் விலை அதுதான் சார்" என்று வேறு. யோசித்துப் பாருங்கள். வீட்டின் விலையை இறக்கியதே நாற்றம்தான். நாற்றத்தால் இறங்கின விலையையே 'மார்க்கெட் விலை' என்று கொடுத்தால், கெடுதலையும் நாமே சுமந்து அதற்கான கூலியையும் நாமே கொடுத்ததாக ஆகாதா? டயமண்ட் ஜனங்களுக்கும் இதே கதிதான். விற்க நினைத்தாலும் வாங்க ஆள் இல்லை. இதேபோல் இன்னொரு நல்ல இடத்தில் ஒரு வீடு வாங்க எவ்வளவு ஆகும் என்பதுதான் சரியான கணக்கு. ஆலைக்காரர்கள் வீட்டை வாங்க வந்தால் எந்தக் குடும்பமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

எல்லாம் சுபம் என்று முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஜனங்களுக்கு நல்ல காற்று கிடைத்தது. ஆனால் பல ஊர்களுக்குப் பிரிந்து போனார்கள். கூப்பிடு தூரத்தில் இருந்த சித்தப்பன், பெரியப்பன் வீட்டுக்கு இப்போது கார் எடுத்துப் போக வேண்டும். தாத்தா காலத்திலிருந்து இருந்த மண், புல்லாகிப் போயிற்று. ஆலை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. "நாங்கள்தான் முதலில் இங்கே இருந்தோம்" என்று அவர்கள் சொன்னால் அது நியாயம்தானே? ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் ஒவ்வொருவராக, ராத்திரியோடு ராத்திரியாக, அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு ஓடவில்லை. தாங்களே தீர்மானித்து, எல்லோரும் சேர்ந்து, தலை நிமிர்ந்து கிளம்பினார்கள். இருப்பவர்கள் இருந்தார்கள். விற்பதா, இருப்பதா என்பதல்ல கேள்வி. அதை முடிவு செய்வது யார்? தனியாகவா, சேர்ந்தா? கையில் ருசு இருக்கிறதா? இதுதான் கேள்வி என்று எனக்குப் பட்டது.

இதெல்லாம் வெள்ளைக்கார தேசத்தில்தான் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். அதே வாளி 2004ல் நம் கடலூருக்கும் வந்தது. சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமத்து ஜனங்கள் அதைப் பழகிக் கொண்டு, தங்கள் ஊர்க் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். எந்த நாள், எந்த மணி, என்ன மாதிரி நாற்றம் என்று முகர்ந்து முகர்ந்து எழுதியும் வைத்தார்கள்.

முகர்ந்து எழுதுவது! இதற்கு நம்மைவிடத் தகுந்தவர் யார்? பால் திரிந்ததா, பருப்பு அடிப்பிடித்ததா, காஸ் கசிகிறதா என்று கூடத்தில் இருந்தபடியே சொல்லி விடுகிற மூக்கு நம்முடையது. வீட்டில் அதிக நேரம் இருப்பதும் நாம்தான். எங்கள் தெருவில் நாங்கள் ஆறு பேர் இதை ஆரம்பித்திருக்கிறோம். ஆலைப் பக்கம் குடியிருக்கும் மற்ற சகோதரிகளுக்கும் உபயோகப்படும் என்பதால் சொல்கிறேன்.

ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். தேதி, மணி, எத்தனை நேரம் நாற்றம் இருந்தது, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று எழுதுங்கள். காயப்போட்ட துணியோ, ஊதுபத்திப் புகையோ திசை காட்டிக் கொடுத்துவிடும். நாற்றம் எதைப் போல இருந்தது என்றும் எழுதுங்கள். அழுகின முட்டை போல என்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடாக இருக்கலாம். தீக்குச்சி கிழித்த மாதிரி மூக்கில் ஏறினால் கந்தக டை ஆக்ஸைடாக இருக்கலாம். பெட்ரோல் பங்க்கில் வருவது போல இனிப்பான வாடை என்றால் பென்சீன் கலந்திருக்கலாம். அது ரத்தப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று நிரூபணமானது. பெயரைத் தீர்மானிப்பது சோதனைச்சாலை வேலை. நாம் தோன்றியதைத் தோன்றியபடி எழுதினால் போதும். அன்றைக்கு வீட்டில் யாருக்குக் கண் எரிந்தது, யாருக்கு இருமல், எந்தக் குழந்தைக்கு இழுப்பு என்பதையும் மறக்காமல் குறியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அழுகின முட்டை வாயு அதிகமானால் மூக்கையே மரக்கச் செய்துவிடும். பலமாக இருந்த நாற்றம் சட்டென்று தெரியாமல் போனால் 'போய்விட்டது' என்று நம்பிவிடக் கூடாது. தலை சுற்றல், மூச்சுத் திணறல் இருந்தால் அந்த இடத்தை விட்டுக் கிளம்பி, காற்று வரும் திசைக்குக் குறுக்காக விலகிப் போங்கள். முகத்தில் ஈரத் துணியோ, கடையில் வாங்கும் மாஸ்க்கோ தூசியைத்தான் தடுக்கும், இந்த வாயுக்களைத் தடுக்காது. சாதாரணமாக நாற்றம் வரும் நாட்களில் ஜன்னல்களைச் சாத்தி வையுங்கள். அடங்கியதும் நன்றாகத் திறந்து விடுங்கள். அன்றைக்குக் கொசுவர்த்தி, சாம்பிராணி வேண்டாம். குழந்தைகள் உடல் எடைக்கு நம்மைவிட அதிகக் காற்றைச் சுவாசிப்பவர்கள். அவர்களை ஓடியாட விடாமல் உள்ளே வைத்துக் கொள்ளுங்கள். இழுப்புள்ள குழந்தைக்கு டாக்டர் சொன்ன இன்ஹேலர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டையும் கொண்டு போங்கள். சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள்.

மாதம் ஒரு முறை ஆறு வீட்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆறு வீட்டிலும் ஒரே ராத்திரி, ஒரே மணி என்றால், அதை 'ஒரு அம்மாளின் பிரமை' என்று யாரும் தள்ள முடியாது. புகாரை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகமும், திங்கட்கிழமை தோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டமும் அதற்கென்றே இருக்கின்றன.

வீட்டை வாங்குகிறேன் என்று யாராவது வந்தால் முன்பணம் வாங்கும் முன்னால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அவருக்கு என்ன விலை சொன்னார்கள்? பின் தெருவுக்கு என்ன சொன்னார்கள்? வாடகைக்கு இருப்பவர்களுக்கு என்ன வழி? இதற்கெல்லாம் பதில் வந்த பிறகு கையெழுத்தைப் பற்றிப் பேசலாம்.

எங்கள் நோட்டில் இதுவரை மூன்று மாதக் கணக்குதான் சேர்ந்திருக்கிறது. எதிர்வீட்டு அம்மாளுக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்ல, அவர் பேத்தி எழுதுகிறாள். என் மாமியாருக்கு ராத்திரியில் தூக்கம் கிடையாது என்பதால் எங்கள் வீட்டில் மணி பார்க்கிற வேலை அவருடையது. "முன்னெல்லாம் சும்மா முழிச்சுண்டு கிடந்தேன், இப்போ சம்பளமில்லாத உத்தியோகம் பார்க்கிறேன்" என்கிறார். விற்க வேண்டும் என்கிற கட்சியும் சரி, கூடாது என்கிற கட்சியும் சரி, இப்போது ஒரே நோட்டில்தான் எழுதுகிறோம்.